ஈர ஓடுபாதையில் விமானத்தின் பிரேக் ஏன் உடனே பிடிப்பதில்லை?

குன்னூர் நண்பர் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நல்ல மழையில் கோவையில் இறங்கியபோது விமானம் தொப்பென்று தரையில் விழுந்த மாதிரி இருந்ததாம். அப்புறம் சில நொடிகள் பிரேக்கே பிடிக்காமல் ஓடியது, பெரிய இரைச்சல் மட்டும் கேட்டது, கடைசியில் விட்டுவிட்டுப் பிடித்துக் குலுங்கி நின்றது. பிரேக்கில் கோளாறா, பைலட் தவறா, நவம்பரில் அம்மாவைத் தனியாக அனுப்பலாமா என்று கேட்கிறார். கூடவே ஒரு வரி: "பர்லியார் பக்கம் 40 கிலோமீட்டர் வேகத்திலேயே என் கார் மழையில் வழுக்குகிறது. 250 கிலோமீட்டர் வேகத்தில் வருவது எப்படி நிற்கும்?" எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று படுகிறது. தண்ணீரில் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லாவிட்டால் அவ்வளவு பெரிய பாரத்தை எது நிறுத்துகிறது என்பதைத்தான் கேட்கிறீர்கள்.

நான் 30 வருடத்துக்கு மேல் விமானப் பராமரிப்பு இன்ஜினியராக இருந்தவன். அதில் பாதிக் காலம் சக்கரமும் பிரேக்கும்தான் என் வேலை. ஓய்வுக்குப் பிறகு கோத்தகிரி பக்கம், அரவேணுவில் இருக்கிறேன். பைலட் இருக்கையில் உட்கார்ந்து முடிவெடுத்தவன் இல்லை. உங்கள் விமானத்தில் அன்று என்ன நடந்தது என்பதை அதன் பதிவுக் கருவியைப் படிப்பவர்தான் அடித்துச் சொல்ல முடியும். ஆனால் நீங்கள் எழுதிய மூன்று அறிகுறிகளும் எனக்கு ரொம்பப் பழக்கமானவை. மூன்றும் சேர்ந்து வந்திருந்தால், பெரும்பாலும் அது முறைப்படி நடந்த மழைத் தரையிறக்கம்தான்.

முதலில் உங்கள் காரைப் பார்ப்போம். சாலையில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது டயர் அதைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டுத் தரையைத் தொட வேண்டும். வேகம் கூடக் கூட, தள்ளுவதற்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. ஒரு கட்டத்தில் டயருக்கு முன்னால் தண்ணீர் ஆப்பு மாதிரி சேர்ந்து டயரையே தூக்கிவிடும். அப்போது சக்கரம் தண்ணீரின் மேல்தான் ஓடுகிறது. இது எந்த வேகத்தில் நடக்கும் என்பதை 1960களில் நாசாவின் லாங்லி மையத்தில் வால்டர் ஹார்னும் அவருடைய சகாக்களும் சோதித்துப் பார்த்தார்கள். அவர்கள் கண்டது, அது முக்கியமாக டயரில் உள்ள காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்பதுதான். அழுத்தத்தை பிஎஸ்ஐ கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9 ஆல் பெருக்கினால் நாட் (விமானத்தின் வேகத்தைச் சொல்லும் அலகு) கணக்கில் வேகம் வரும். கார் டயரில் 32 பிஎஸ்ஐ என்றால் ஏறக்குறைய 51 நாட், அதாவது மணிக்கு 94 கிலோமீட்டர். ஏ320, போயிங் 737 மாதிரி விமானங்களின் பிரதான டயரில் சுமார் 200 பிஎஸ்ஐ இருக்கும். அதற்கு 127 நாட், மணிக்கு 235 கிலோமீட்டர். அவ்வளவு அழுத்தமான டயர் தண்ணீரைப் பிளந்துகொண்டு போகிறது. ஆக, தண்ணீரில் மிதப்பதை மட்டும் பார்த்தால் உங்கள் காரைவிட விமானச் சக்கரம் எவ்வளவோ மேல்.

ஆனால் விமானத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. காரின் சக்கரம் ஏற்கெனவே சுற்றிக்கொண்டேதான் தண்ணீருக்குள் போகிறது. விமானச் சக்கரம் தரையைத் தொடும் வரை சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. தொட்ட கணத்தில் அது சுழலத் தொடங்க வேண்டும். சுழலாத சக்கரத்துக்கு அதே கணக்கில் 9க்குப் பதிலாக 7.7 என்று போட வேண்டும். 200 பிஎஸ்ஐ டயருக்கு 109 நாட், அதாவது மணிக்கு 202 கிலோமீட்டர். விமானம் தொடுவது 260 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில். ஓடுபாதையில் உண்மையாகவே தண்ணீர் தேங்கியிருந்தால், வேகம் 200 கிலோமீட்டருக்கு இறங்கும் வரை சக்கரம் சரியாகச் சுழலாமல் மிதந்துகொண்டே போக வாய்ப்பு இருக்கிறது.

சரி, அப்படியானால் 40 கிலோமீட்டரில் உங்கள் கார் ஏன் வழுக்குகிறது? அது மிதப்பு இல்லை, வேறு சங்கதி. முதல் மழை பெய்ததும் பர்லியார் சாலையைக் குனிந்து பாருங்கள். லாரி சிந்திய டீசல், தூசி, நசுங்கிய கற்பூர மர இலை எல்லாம் சேர்ந்து சாலை மேல் ஒரு வழவழப்பான பூச்சு படிந்திருக்கும். அதன் மேல் தாள் கனத்துக்குத் தண்ணீர் இருந்தால் போதும், டயர் அந்தப் படலத்தைக் கிழிக்க முடியாமல் வழுக்கும். சாலை சொரசொரப்பாக இருந்தால் அதன் கூர்முனைகளே படலத்தைக் கிழித்துவிடும். வழவழப்பான தரையில்தான் வம்பு. ஓடுபாதையிலும் இதே கதை உண்டு. ஒவ்வொரு விமானமும் தொடும்போது அசையாத சக்கரம் தரையில் உரசி ரப்பர் அப்பிவிட்டுப் போகும். விமானங்கள் முதலில் தொடும் அந்தப் பகுதி நாளடைவில் கருப்பாக, மெழுகினாற்போல் ஆகிவிடும். மழை வந்தால் அங்கேதான் பிடிமானம் மோசம். அதனால்தான் விமான நிலையங்களில் குறிப்பிட்ட கால இடைவெளியில் உயரழுத்தத் தண்ணீரைப் பாய்ச்சி அந்த ரப்பரைச் சுரண்டி எடுக்கிறார்கள், பிடிமானத்தை அளக்கும் வண்டியையும் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

இப்போது "தொப்பென்று" இறங்கியதற்கு வருகிறேன். பஞ்சு மாதிரி இறக்கினால் நல்ல பைலட் என்று நாம் எல்லோருமே நினைக்கிறோம். காய்ந்த ஓடுபாதையில் அது சரி. மழையில் மென்மையாகத் தடவிக்கொண்டே இறக்குவதைத்தான் பைலட்டுகள் தவிர்க்கப் பார்க்கிறார்கள். உறுதியாக ஊன்றி இறக்கினால் டயர் தண்ணீர்ப் படலத்தை உடைத்துத் தரையைத் தொடும், சக்கரம் உடனே சுழலும், சக்கரக் கால் அமுங்கும். சக்கரம் சுழல்வதையும் கால் அமுங்குவதையும் வைத்துத்தான் விமானத்துக்குத் தான் தரையில் இருப்பது தெரியும். அது தெரிந்த பிறகுதான் இறக்கையின் மேல் உள்ள ஸ்பாய்லர் பலகைகள் முழுதாக எழும்பும், இன்ஜினின் ரிவர்ஸ் திறக்கும். பறக்கும்போது தவறுதலாக இவை திறந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு இது.

அந்தப் பூட்டு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1993 செப்டம்பர் 14 அன்று வார்சாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். லுஃப்தான்சாவின் ஏ320 ஒன்று மழையில் இறங்கியது. பக்கக் காற்றை எதிர்பார்த்து ஒரு பக்கமாகச் சாய்த்து, கொஞ்சம் கூடுதல் வேகத்தில் கொண்டுவந்தார்கள். உண்மையில் காற்று பின்னாலிருந்து தள்ளியது. வலது கால் முதலில் தொட்டது. இடது கால் தரையில் ஊன்ற ஏறக்குறைய 9 நொடி ஆனது. அதுவரை இரண்டு காலும் சேர்ந்து அமுங்காததால் ஸ்பாய்லரும் ரிவர்ஸும் வரவில்லை. ஓடுபாதையில் தண்ணீர் வேறு, சக்கர பிரேக்கும் தாமதமாகத்தான் பிடித்தது. விமானம் பாதையைத் தாண்டி ஒரு மண்மேட்டில் மோதியது, 2 பேர் இறந்தார்கள். பிரேக் எதிலும் பழுது இல்லை. மழையில் தொப்பென்று இறக்கும் பைலட்டைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்கு இந்த 9 நொடிதான் நினைவுக்கு வரும்.

அடுத்தது, எவ்வளவு சக்தியைக் கரைக்க வேண்டியிருக்கிறது என்ற கணக்கு. 65 டன் விமானம் மணிக்கு 260 கிலோமீட்டரில் தொடுகிறது என்று வையுங்கள். 13 டன் பேருந்து ஒன்று குன்னூரிலிருந்து கல்லாறு வரை சுமார் 1,300 மீட்டர் இறங்கும்போது எவ்வளவு சக்தியைக் கரைக்க வேண்டுமோ, ஏறக்குறைய அவ்வளவு. பேருந்துக்கு 14 கொண்டை ஊசி வளைவும் ஒரு மணி நேரமும் இருக்கிறது. விமானத்துக்கு அரை நிமிடம். அதிலும் சக்தி வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 10 சதவீதம் வேகம் கூடினால் சக்தி 21 சதவீதம் கூடும்.

இந்த வேலையை பிரேக் மட்டும் செய்வதில்லை. நம் மலை ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12.5 அடிக்கு 1 அடி ஏற்றம். ஈரத் தண்டவாளத்தில் வெறும் இரும்புச் சக்கரத்தை நம்பி அதில் இறங்க முடியாது. அதனால் நடுவே பல்சட்டம் போட்டு, இன்ஜினின் பல்சக்கரம் அதில் பொருந்தி ஏறி இறங்குகிற மாதிரி வைத்தார்கள். வழுக்கலைப் பற்றிப் பல்சட்டத்துக்குக் கவலையே இல்லை. விமானத்தில் அந்த இடத்தில் இருப்பது ரிவர்ஸ். இன்ஜினின் காற்றை முன்பக்கமாகத் திருப்பிவிட்டு வேகத்தைக் குறைப்பதால் தரை ஈரமா காய்ந்ததா என்பது அதைப் பாதிக்காது. அதுவும் வேகம் அதிகமாக இருக்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்யும், சக்கரத்துக்குப் பிடிமானம் மோசமாக இருப்பதும் அப்போதுதான். நீங்கள் கேட்ட இரைச்சல் இதுதான். ஸ்பாய்லரும் இன்னொரு வகையில் உதவுகிறது. அது காற்றைத் தடுப்பதோடு இறக்கையின் தூக்குவிசையையும் கெடுத்து, விமானத்தின் எடையைச் சக்கரத்தின் மேல் இறக்கி வைக்கிறது. எடை இறங்காத சக்கரத்தில் எவ்வளவு நல்ல பிரேக் இருந்தும் பயனில்லை.

பிரேக்கே பிடிக்காத மாதிரி இருந்த நொடிகளுக்கு இரண்டு விளக்கம் உண்டு. ஒன்று ஆட்டோபிரேக். பைலட் இறங்குவதற்கு முன்பே "இந்த அளவுக்கு வேகம் குறைய வேண்டும்" என்று தேர்வு செய்துவிடுவார். அந்த அளவை ரிவர்ஸும் ஸ்பாய்லரும் சேர்ந்தே கொடுத்துவிட்டால் ஆட்டோபிரேக் சக்கரத்தை லேசாகத்தான் பிடிக்கும். ரிவர்ஸை மடக்கிய பிறகு பிரேக் வேலையை எடுத்துக்கொள்ளும், அதுதான் உங்களுக்குத் தாமதமாகத் தெரியும். இன்னொன்று, ஆன்டி-ஸ்கிட் உண்மையிலேயே பிரேக்கை விடுவித்துக்கொண்டிருந்திருக்கலாம். ஒவ்வொரு சக்கரத்தின் அச்சிலும் வேகத்தை அளக்கும் உணர்வி இருக்கிறது. ஒரு சக்கரம் சட்டென்று வேகம் இழந்தால் அது பூட்டிக்கொள்ளப் போகிறது என்று அர்த்தம். உடனே அந்த பிரேக்கின் எண்ணெய் அழுத்தம் குறையும், சக்கரம் மறுபடி சுழன்றதும் அழுத்தம் திரும்ப வரும். உங்கள் காரின் ஏபிஎஸ் விமானத்திலிருந்து வந்ததுதான். டன்லப்பின் மாக்சரெட் என்ற கருவி 1950களிலேயே விமானங்களில் இருந்தது. விட்டுவிட்டுப் பிடித்த குலுக்கல் அதன் வேலை. இந்த இரண்டில் உங்கள் விமானத்தில் எது என்று பயணி இருக்கையிலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை.

சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு ஜூலை இரவு, அடைமழை. நின்ற விமானத்தின் அடியில் டார்ச் அடித்துக்கொண்டு போனேன். நான்கில் மூன்று டயர் நன்றாக இருந்தன. நான்காவதில் உள்ளங்கை அளவுக்கு ஒரு நீள்வட்டத் தழும்பு. அந்த இடத்தில் ரப்பர் கருகவில்லை, கிழியவும் இல்லை. விரலை வைத்தால் பிசின் மாதிரி ஒட்டியது. பூட்டிய சக்கரம் ஈரத் தரையில் தேய்ந்தபோது பிறந்த சூட்டில் தண்ணீர் ஆவியாகி, அந்த ஆவி ரப்பரை வேகவைத்து அதன் பழைய பச்சை நிலைக்குக் கொண்டுபோயிருந்தது. டயர் அந்த ஆவியின் மேல்தான் வழுக்கிக்கொண்டு வந்திருக்கிறது. விடிந்ததும் ஓடுபாதையில் அதன் தடத்தைப் பார்த்தோம். வழக்கமாகப் பூட்டிய சக்கரம் கருப்புக் கோடு போடும். இது வெள்ளையாக, யாரோ தேய்த்துக் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அந்த ஒரு சக்கரத்தின் ஆன்டி-ஸ்கிட் இணைப்பில் ஈரம் புகுந்திருந்தது. மற்ற மூன்றும் பிடித்ததால் விமானம் பாதைக்குள்ளேயே நின்றது. அன்றிலிருந்து மழைக்காலம் தொடங்கும் முன் அந்த இணைப்புகளை நானே ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்காமல் விட்டதில்லை.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். காய்ந்த பாதையில் முழு பிரேக்கில் நின்ற விமானத்தின் சக்கரத்தருகே போனால் முகத்தில் அனல் அடிக்கும். வழுக்கலில் பெரும்பாலும் ரிவர்ஸாலேயே நின்ற விமானத்தின் பிரேக் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். உரசல் நடந்திருந்தால்தானே சூடு வரும். விமானி "பிரேக் சரியில்லை" என்று எழுதிக் கொடுத்திருப்பார். கழற்றிப் பார்த்தால் கார்பன் தட்டுகள் புதிது மாதிரி இருக்கும், தேய்மானம் காட்டும் ஊசியும் சரியான நீளத்தில் நிற்கும். பிடிமானம் கிடைக்காமல் போனது தரையில்.

அந்தத் தரையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல ஓடுபாதைகளில் குறுக்கே வரிப்பள்ளம் வெட்டியிருப்பார்கள். அமெரிக்க நெறிப்படி 6 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் ஆழம், 38 மில்லிமீட்டருக்கு ஒன்று. டயர் அமுக்கும் தண்ணீர் அதில் தப்பி ஓடிவிடும். 2021 நவம்பர் 4 முதல் உலகம் முழுவதும் ஓடுபாதையின் நிலையை ஒரே முறையில் 0 முதல் 6 வரை எண்ணிட்டுச் சொல்கிறார்கள். பாதையை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி எண். காய்ந்திருந்தால் 6. தண்ணீர் 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் வெறும் ஈரம், 5. வழுக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த பாதை ஈரமானால் 3. தண்ணீர் 3 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் நேரே 2. 5க்கும் 2க்கும் நடுவில் இருப்பது ஒரு பலத்த மழை, சில நிமிடங்கள்தான். புறப்படும் முன் போடும் கணக்கிலும் இடைவெளி விடுகிறார்கள். காய்ந்த பாதையில் 1,000 மீட்டரில் நிற்கக்கூடிய விமானத்துக்கு 1,667 மீட்டர் பாதை வேண்டும். ஈரமாக இருக்கும் என்று தெரிந்தால் அதற்கு மேல் 15 சதவீதம், அதாவது 1,917 மீட்டர். இந்தக் கணக்கில் ரிவர்ஸின் உதவியைச் சேர்ப்பதும் இல்லை. கோவை ஓடுபாதை 3 கிலோமீட்டரை ஒட்டியது.

இதுவரை சொன்னதில் எதை அப்படியே நம்பலாம், எதைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடை இறங்க வேண்டும், ரிவர்ஸுக்குத் தரை முக்கியமில்லை, வேகத்தின் வர்க்கத்தில் சக்தி ஏறும் என்பவை உறுதி. ஹார்னின் கணக்கு அப்படி இல்லை, அது ஒரு வழிகாட்டிதான். அந்தக் காலத்து டயர்களை வைத்துச் செய்தது, தண்ணீர் டயரின் பள்ளத்தைவிட ஆழமாக இருக்கும்போது பொருந்துவது. இன்றைய டயர்கள் அதைவிடக் குறைந்த வேகத்திலும் மிதக்கக்கூடும். அதனால் 235ஐ ஒரு எல்லைக்கோடு மாதிரி யாரும் பிடித்துக்கொள்ள வேண்டாம். அதைவிட எனக்கு உறுத்தலான விஷயம் ஒன்று உண்டு. 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விட்டது. ஈர ஓடுபாதையைத் தாண்டி ஓடிய சில விமானங்களை ஆராய்ந்தபோது, கையேட்டில் எதிர்பார்த்ததைவிடப் பிடிமானம் கணிசமாகக் குறைவாக இருந்தது, தண்ணீர் தேங்காத வெறும் ஈரத்திலேயே அப்படி இருந்தது என்று அதில் சொன்னார்கள். ஏன் என்பதற்கு ஒரே பதில் இல்லை. தரையின் சொரசொரப்பு, வரிப்பள்ளம், ரப்பர் படிவு, மழையின் வேகம் எல்லாம் கலந்தது. 15 சதவீதம் எப்போதும் போதும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதனால்தான் பலத்த மழையில் பைலட்டுகள் இறங்கும் முன் அப்போதைய நிலையை வைத்து இன்னொரு முறை கணக்குப் போடுகிறார்கள்.

கூடலூர், பந்தலூர்க்காரர்கள் கோழிக்கோடு விமான நிலையம் இருக்கும் கரிப்பூருக்குப் போய் விமானம் ஏறுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2020 ஆகஸ்ட் 7 அன்று அங்கே நடந்த விபத்தில் 21 பேர் இறந்தார்கள். அதைச் "சறுக்கல்" என்றே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். மழை பெய்தது, பாதை ஈரம்தான். ஆனால் அரசின் விசாரணை அறிக்கையைப் படித்தால், பின்காற்றோடு வந்த விமானம் 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடி தாண்டிய பிறகுதான் தரையைத் தொட்டது. பாதிப் பாதை காற்றிலேயே போய்விட்டது. இறங்க வரும் விதம் நிலையாக இல்லாதபோதும் மேலே ஏறாமல் இறக்கியதைத்தான் அறிக்கை முதன்மைக் காரணமாகச் சொல்கிறது. பின்காற்று 10 நாட் என்றாலே, 140க்குப் பதில் 150 நாட் வேகத்தில் தரையில் ஓட வேண்டியிருக்கும், கரைக்க வேண்டிய சக்தி ஏறக்குறைய 15 சதவீதம் கூடிவிடும். மழையில் ஒரு விமானம் நிற்குமா என்பதில் பெரும்பங்கு சக்கரம் தொடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எந்த வேகத்தில், எந்த இடத்தில், எந்தக் காற்றில் தொடுகிறது என்பதுதான் அது. பிரேக் கடைசியில் வருகிற ஆள்.

ஆகவே அம்மாவை அனுப்புங்கள். காலை விமானமாக எடுத்தால் நல்லது, வடகிழக்குப் பருவமழை நம் பக்கம் பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் வலுக்கும். இறங்க வந்த விமானம் தரைக்கு அருகே திடீரென்று முழங்கிக்கொண்டு மேலே ஏறினால் பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கொச்சிக்கோ சென்னைக்கோ திருப்பிவிட்டால் கோபப்பட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அந்த பைலட் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்து, சரிவராது என்று முடிவெடுத்திருக்கிறார்.

எனக்குக் கவலை உங்கள் காரைப் பற்றித்தான். 40 கிலோமீட்டரில் வழுக்குகிறது என்றால் டயர் மொட்டையாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பட்டன்களுக்கு நடுவே, பள்ளத்தின் அடியில் குறுக்கே சின்ன மேடு ஒன்று இருக்கும். டயரின் மேல்மட்டம் அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். காற்றையும் சரியாக வையுங்கள், அழுத்தம் குறைந்தால் மிதக்கும் வேகமும் குறையும். குன்னூரிலிருந்து இறங்கும்போது இரண்டாவது கியரை விடாதீர்கள். நவம்பரில் காட்டேரிக்கும் பர்லியாருக்கும் நடுவில் மண் சரிந்தால் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத்தான் திருப்பிவிடுவார்கள். அதனால் விமான நேரத்துக்கு ஐந்து மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள்.